எறும்புகளுக்குள் சண்டை நின்றுபோனால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் எறும்பு பெருகி, ஆடு மாடுகளின் கண்ணைக் கெடுத்து, மேய்ப்பவர்கள் காட்டுப் பக்கம் போகவே பயப்படும் நிலைமை வந்ததே, கொட்டுவதற்குக் கொடுக்குகூட இல்லாத ஒரு எறும்பால் அது எப்படி முடிந்தது? அத்தனை எறும்பும் தங்களுக்குள் அடித்துக்கொள்ளாதா? மருந்தடித்து ஒழித்துவிட முடியாதா?

இரண்டாவதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக விளங்கிவிடும். அவை தங்களுக்குள் அடித்துக்கொள்வதில்லை, அதுதான் பிரச்சினையே.

மாந்தோப்பில் முசுறு பார்த்திருப்பீர்கள், இலைகளைச் சேர்த்து நூலால் ஒட்டிக் கூடு கட்டுகிற செவ்வெறும்பு. ஒரே குடும்பம் பல மரங்களில் கூடுகளைப் பரப்பி வைத்திருக்கும், ஆனால் முட்டையிடும் ராணி பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அந்தக் குடும்பத்தின் எல்லைக்குள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அடுத்த குடும்பத்தின் மரம் வந்ததும் கதை மாறிவிடும். எல்லை உரசுகிற இடத்தில் ஒன்றையொன்று காலைக் கவ்வி இழுத்து, அமிலம் பீய்ச்சி, இரண்டு பக்கமும் செத்து விழும். கடைசியில் நடுவில் எந்தப் பக்கத்து எறும்பும் கால் வைக்காத ஒரு பட்டை உருவாகிவிடுகிறது. இரை தேடப் போயிருக்க வேண்டிய வேலைக்கார எறும்புகளில் ஒரு பங்கு இப்படி எல்லைக் காவலுக்கே செலவாகிறது. பொதுவாக எறும்புக்குப் பெரிய எதிரி பல்லியோ பறவையோ கிடையாது, இன்னொரு எறும்புதான், அதிலும் பக்கத்துப் புற்றில் இருக்கும் தன் சொந்த இனம். ஒரு காட்டில் ஒரே எறும்பினம் அளவுக்கு மீறிப் பெருகாமல் இருப்பதற்கு இந்தப் பங்காளிச் சண்டை ஒரு முக்கியமான காரணம்.

யார் நம்மாள், யார் அசலாள் என்பதை எறும்பு கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. உடம்பின் மேல் மெழுகுபோல ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, பல வகை ஹைட்ரோகார்பன்கள் கலந்தது. எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான் அடையாளம். வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்த இரண்டு எறும்புகளை ஒரு சின்னக் குப்பியில் விட்டுப் பார்த்தால் சில நிமிடங்களுக்குள் தெரிந்துவிடும், ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதைத்தான். சந்தித்ததும் உணர்கொம்பால் எதிரில் இருப்பதன் முதுகையும் வயிற்றையும் தடவிப் பார்க்கும். ஒரே புற்று என்றால் ஒதுங்கிப் போய்விடும் அல்லது வாயோடு வாய் வைத்து, விழுங்கி வைத்திருக்கும் இனிப்பைப் பகிர்ந்துகொள்ளும். வேற்றுப் புற்று என்றால் உடம்பு விறைக்கும், தாடை விரியும், காலையோ கொம்பையோ பிடித்தால் பிறகு விடாது.

இந்த வாசனை பிறப்பால் மட்டும் வருவதில்லை, சாப்பாட்டாலும் மாறும். 2000இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். அர்ஜென்டினா எறும்புகளுக்கு ஒரு குறிப்பிட்ட வகைக் கரப்பானை உணவாகக் கொடுத்தார்கள். அந்தக் கரப்பானின் மெழுகு எறும்பின் மேல் ஏறியதும் கூடப் பிறந்தவையே அதை அந்நியன் என்று நினைத்துத் தாக்கின. அவ்வளவு நுணுக்கமான சோதனைச் சாவடி அது.

சரி, இந்தச் சாவடி வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட உதாரணம் அந்த அர்ஜென்டினா எறும்புதான். சொந்த ஊர் தென் அமெரிக்காவின் பரானா ஆற்றுப் படுகை. மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத பழுப்பு நிறப் பூச்சி, இதற்கும் கொடுக்கு கிடையாது. கப்பல் சரக்கோடு 1891இல் நியூ ஆர்லியன்ஸில் தலைகாட்டியது, இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய கொஞ்ச காலத்தில் கலிபோர்னியா, பிறகு தெற்கு ஐரோப்பா, 1993இல் ஜப்பானின் ஹிரோஷிமா பகுதி. 2002இல் ஜிரோ, பெடர்சன், கெல்லர் என்ற மூவர் ஐரோப்பாவில் பல ஊர்களிலிருந்து எறும்பைச் சேகரித்துக் குப்பியில் சேர்த்து விட்டார்கள். இத்தாலியில் பிடித்ததும் ஸ்பெயினின் அட்லாண்டிக் கரையில் பிடித்ததும் கொம்பால் தடவிவிட்டுச் சும்மா போய்விட்டன. கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே குடும்பம்! நடுவில் ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் வேறொரு குடும்பம் இருக்கிறது, அதோடு சேர்த்து விட்டால் மட்டும் சாகும்வரை சண்டை. அப்புறம் 2009இல் ஐரோப்பா, கலிபோர்னியா, ஜப்பான் மூன்று இடத்துப் பெருங்கூட்டங்களையும் சேர்த்துச் சோதித்தபோது அவையும் ஒன்றையொன்று உறவாகவே நடத்தின. கண்டம் விட்டுக் கண்டம் போயும் வாசனை மாறவில்லை.

ஆங்கிலத்தில் இதை சூப்பர் காலனி என்கிறார்கள், நான் பெருங்கூட்டம் என்றே எழுதுகிறேன். இதன் ஆதாயம் எளிமையானது. எல்லைக் காவலுக்கு ஆள் வேண்டாம். ஒரு புற்றில் இரை குறைந்தால் பக்கத்துப் புற்றுக்குப் போய்விடலாம். ஒரு புற்றுக்கு ஒரு ராணி என்ற கணக்கும் இல்லை, நூற்றுக்கணக்கில் இருக்கலாம். உள்ளூர் எறும்பினம் தன் பக்கத்துப் புற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், வந்தேறி எறும்பு மொத்தப் படையையும் அதன் மேல் இறக்கிவிடும். தனியாக ஒன்றுக்கு ஒன்று என்று மோதவிட்டால் அர்ஜென்டினா எறும்பு பல உள்ளூர் இனங்களிடம் தோற்றுப்போகும், எண்ணிக்கையில்தான் ஜெயிக்கிறது. கலிபோர்னியாவில் உள்ளூர் எறும்புகள் ஒழிந்த இடங்களில் அவற்றையே தின்று வாழ்ந்த கொம்புப் பல்லிக்குச் சாப்பாடு இல்லாமல் போனது (இந்தச் சின்ன எறும்பை அது தின்று தேறுவதில்லை). தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் சில செடிகளின் விதையை உள்ளூர் எறும்புகள்தான் மண்ணுக்குள் இழுத்துப் புதைக்கும். வந்தேறி வந்த இடத்தில் விதைகள் தரையிலேயே கிடந்து எலிக்கு இரையாகின்றன.

இதைக் கேட்டால் ஏதோ அன்புமயமான சமுதாயம் மாதிரித் தோன்றும். கிடையாது. இந்த எறும்பின் வேலைக்காரிகள் ஒவ்வொரு வசந்தத்திலும் தங்கள் ராணிகளில் சுமார் 90 சதவீதத்தைக் கொன்றுபோடுகின்றன, 1989இல் வெளியான ஆய்வு இது. ஏன் என்று இன்றுவரை முழுசாக விளக்கம் இல்லை, தூரத்து உறவு ராணிகளாகப் பார்த்துக் கொல்கின்றனவா என்று சோதித்தார்கள், அப்படியும் தெரியவில்லை. இன்னொரு பக்கம், சான் டியாகோ அருகே இரண்டு பெருங்கூட்டங்களின் எல்லை மோதுகிற இடத்தில் ஆறு மாதத்தில் ஒன்றரைக் கோடி எறும்புகள் செத்திருக்கும் என்று 2006இல் கணக்கிட்டார்கள். ஆக, சண்டைக் குணம் போய்விடவில்லை. அந்நியன் என்று கண்டுபிடிக்கப்படும் ஆட்கள்தான் பக்கத்தில் இல்லை.

இங்கே உயிரியல் படித்தவர்களுக்கு ஒரு உறுத்தல் வரும், வர வேண்டும். வேலைக்கார எறும்பு தான் முட்டையிடாமல் ராணிக்கு உழைப்பதற்கு ஹாமில்டன் என்ற உயிரியலாளர் 1964இல் சொன்ன விளக்கம் உறவுமுறைதான். எறும்பில் ஆண் கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் ஒரே தாய் தகப்பனின் பெண்களுக்குள் முக்கால் பங்கு மரபணு பொது, அதனால் தங்கையை வளர்ப்பது தன் வம்சத்தை வளர்ப்பது மாதிரி. பெருங்கூட்டத்தில் ஒரே புற்றில் இருக்கும் இரண்டு எறும்புகளை எடுத்தால் அவற்றுக்குள் உறவு கிட்டத்தட்ட பூஜ்யம். யாரோ பெற்ற பிள்ளைக்கு யாரோ உழைக்கிறார்கள். அப்படியென்றால் இந்த ஏற்பாடு எப்படி நிற்கிறது?

இரண்டு தரப்பு இருக்கிறது. கலிபோர்னியாவில் ஆய்ந்தவர்கள் 2000இல் சொன்னது: கப்பலில் வந்து இறங்கியது கொஞ்சம் எறும்புதான், மரபணு வேறுபாடு குறைந்துபோனது, வாசனை வேறுபாடும் கூடவே குறைந்தது, எனவே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஐரோப்பாவில் ஆய்ந்தவர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. மரபணு வேறுபாடு அவ்வளவு குறையவில்லை, அபூர்வமான வாசனை கொண்டவை அதிகம் தாக்கப்பட்டு அழிந்து, பொதுவான வாசனை மட்டும் மிஞ்சியிருக்கும் என்றார்கள். பிறகு பரானா கரைக்கே போய்ப் பார்த்தபோது அங்கேயும் இது பல ராணி, பல புற்று என்றுதான் வாழ்கிறது, ஒரே புற்றுக்குள் உறவும் இல்லை, ஆனால் ஒரு கூட்டத்தின் அகலம் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர்தான். அதைத் தாண்டினால் அடுத்த கூட்டம், சண்டை. போதாக்குறைக்கு நெருப்பெறும்பு மாதிரி முரட்டு இனங்களும் அங்கே பக்கத்திலேயே இருக்கின்றன. என் பார்வையில் இந்த மூன்றாவது தகவல்தான் முக்கியமானது. வெளியூர் போய் எறும்பு புதிதாக எந்தக் குணத்தையும் கற்றுக்கொள்ளவில்லை. ஊரில் அதை நெருக்கிக்கொண்டிருந்த நூறு பங்காளிக் கூட்டங்களில் ஒருசில மட்டும் கப்பலேறின, மற்றவை ஏறவில்லை. நெருக்க ஆளில்லாத இடத்தில் விரிந்துகொண்டே போயின.

இப்போது மஞ்சள் எறும்புக்கு வருவோம். அனோப்லோலெபிஸ் கிராசிலிப்ஸ் என்பது அறிவியல் பெயர், செய்திகளில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு என்று வந்தது, தொந்தரவு செய்தால் திசை தெரியாமல் அங்குமிங்கும் ஓடுவதால் அந்தப் பெயர். ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் நீளம், உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் காலும் கொம்பும். தெற்காசியாவா தென்கிழக்காசியாவா எது தாய்வீடு என்பதில் இன்னும் ஒரு முடிவு இல்லை. இதன் பிறப்பு விவகாரம் அர்ஜென்டினா எறும்பைவிட விசித்திரம். 2023இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி இந்த இனத்தில் இரண்டு மரபுக் கிளைகள் இருக்கின்றன. ராணி ஒரே கிளையிலிருந்து பிறக்கிறது, வேலைக்காரிகள் இரண்டு கிளையும் கலந்த கலப்பினம். ஆண் எப்படி என்றால், விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்று சேராமலே தனித்தனியாகப் பெருகி, ஒரே உடம்பில் சில செல்கள் அப்பனுடையவை, சில செல்கள் அம்மாவுடையவை என்று வளர்கிறது. எல்லா ஆணும் இப்படித்தான், ஒன்றிரண்டு விபத்து அல்ல. தீவில் கொஞ்சம் எறும்பு மட்டும் வந்து இறங்கினாலும் உழைக்கிற கூட்டம் கலப்பு வீரியத்தோடு இருப்பதற்கு இது உதவலாம் என்று நினைக்கிறேன், ஆனால் இது என் ஊகம்.

இந்த எறும்பு என்ன செய்யும் என்பதற்கு ஜாவாவுக்குத் தெற்கே இருக்கும் கிறிஸ்துமஸ் தீவைத்தான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான தீவு. மழைக்காலம் தொடங்கியதும் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு ஊர்வலம் போகிற ஊர். மஞ்சள் எறும்பு 1915க்கும் 1934க்கும் நடுவில் எப்போதோ வந்துவிட்டது, பல பத்தாண்டுகள் வம்பு தும்பில்லாமல் இருந்தது. 1989இல்தான் முதல் பெருங்கூட்டம் கண்ணில் பட்டது. உச்சத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் இரண்டாயிரம் எறும்புக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன.

நண்டு எறும்பைச் சீண்டவே வேண்டாம், அந்த வழியாக நடந்தால் போதும். ஒவ்வொரு எறும்பும் வயிற்று நுனியை வளைத்து ஒரு துளி ஃபார்மிக் அமிலம் பீய்ச்சுகிறது. ஒரு துளியால் ஒன்றும் ஆகாது. ஆயிரம் எறும்பு கண்ணிலும் கால் மூட்டிலும் பீய்ச்சினால் நண்டுக்குக் கண் தெரியாமல் போகிறது, மூட்டு செயலிழக்கிறது, ஓரிரு நாளில் சாகிறது. கரந்தமலையில் மாட்டுக்கு நடந்ததும் இதே வழிதான், படுத்து அசைபோடும் மாட்டின் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதற்குள் வந்துவிட்டது, கொடுக்கு தேவைப்படவில்லை.

கிறிஸ்துமஸ் தீவில் நண்டுகள் கோடிக்கணக்கில் செத்தன. எறும்பு இல்லாத பகுதி நண்டுகளும் கடலுக்குப் போகும் வழியில் பெருங்கூட்டத்தைக் கடந்தாக வேண்டியிருந்ததால் திரும்பி வரவில்லை. அந்த நண்டுகள்தான் காட்டுத் தரையில் முளைக்கும் கன்றுகளையும் உதிர்ந்த இலைகளையும் தின்று தரையைக் கூட்டி வைத்தமாதிரி வைத்திருந்தவை. அவை போனதும் அடியில் புதர் மண்டியது. அதுவரை நண்டுகளுக்குப் பயந்து காட்டுக்குள் வராத ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் உள்ளே நுழைந்தது. ஒரு வந்தேறி இன்னொரு வந்தேறிக்குக் கதவு திறந்துவிட்டது.

மருந்து விஷயம். தீவில் 2002இல் ஹெலிகாப்டரில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்த இரையைத் தூவினார்கள். எறும்பு சடசடவென்று குறைந்தது, சில ஆண்டுகளில் மறுபடி பெருகியது, 2009இல் மறுபடி தூவினார்கள். பல்லாயிரம் ராணிகளில் நாலு தப்பித்தாலே போதும் என்பதுதான் பல ராணி ஏற்பாட்டின் கொடுமை. அர்ஜென்டினா எறும்பில் ஒரு ராணியும் பத்து வேலைக்காரிகளும் இருந்தாலே புதுக் கூட்டம் வளர்ந்துவிடும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

பிறகுதான் அங்கே புத்திசாலித்தனமான ஒரு கேள்வி எழுந்தது: இத்தனை எறும்புக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? பதில் மரத்தின் மேலே இருந்தது. மஞ்சள் அரக்குச் செதில் பூச்சி என்று ஒன்று, அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான், மரச்சாற்றை உறிஞ்சி இனிப்பான திரவத்தைக் கழிக்கிறது. எறும்பு அதைக் குடித்துக்கொண்டு பூச்சிக்குக் காவல் நிற்கிறது. நம் ஊர் வயலில் அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் எறும்பு காவல் நிற்பது எந்த விவசாயிக்கும் தெரியும், அதேதான் காடு அளவில். எறும்பு மரமேற முடியாதபடி அடிமரங்களைத் தடுத்துப் பார்த்தபோது நான்கே வாரத்தில் தரையில் நடமாட்டம் 95 சதவீதம் விழுந்தது. அதன் பிறகு 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நீளக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது எறும்பைத் தொடாது, செதில் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். திரும்பத் திரும்ப விஷம் தூவுவதைவிட இது எனக்கு நம்பிக்கை தருகிறது, மெதுவாக என்றாலும்.

முழுக்க ஒழித்த இடமும் உண்டு. பசிபிக்கில் ஜான்ஸ்டன் பவளத் தீவில் 2010இல் இந்த எறும்பைக் கண்டுபிடித்து, தரையில் கூடு வைக்கும் கடற்பறவைகளைக் காப்பாற்ற ஆள்மாற்றி ஆள் அங்கேயே தங்கி வேலை பார்த்து, 2021இல் ஒழிந்துவிட்டது என்று அமெரிக்க அதிகாரிகள் அறிவித்தார்கள். ஆளரவமில்லாத குட்டித் தீவு, சுற்றிலும் கடல், பத்து வருட உழைப்பு. கரந்தமலையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை, அதனால் அதே முடிவை எதிர்பார்க்கக் கூடாது.

அடிவாரத்து ஆட்களுக்கு என்ன சொல்லலாம்? முதலில், கண்ணில் படுகிற எறும்பின் மேல் பவுடர் தூவுவதும் ஸ்பிரே அடிப்பதும் வீண். சாவது வெளியே வந்தவை மட்டும், ராணிகள் கல்லுக்கடியிலும் வேர் இடுக்கிலும் இருக்கின்றன. அதைவிட மோசம், மிச்சமிருக்கும் உள்ளூர் எறும்பும் சேர்ந்து சாகும், அந்த இடத்தையும் மஞ்சள் எறும்பு பிடித்துக்கொள்ளும். வேலை செய்வது மெதுவாகக் கொல்லும் மருந்து கலந்த இரைதான், வாயோடு வாய் பகிர்ந்து ராணிவரை போக வேண்டும் என்பதால் வேகம் கூடாது. எது, எந்த அளவு, எங்கே என்பதைப் பூச்சியியல் துறை ஆட்கள் சொல்ல வேண்டும், கடைக்காரரிடம் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை. கண்ணில் அமிலம் பட்டால் ஆளோ மாடோ, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று, இந்த மாதிரி எறும்புகள் தாமாகப் பரவுவது ராணி சில வேலைக்காரிகளோடு பக்கத்தில் நடந்து போய்க் குடியேறித்தான். அர்ஜென்டினா எறும்பில் அளந்திருக்கிறார்கள், வருடத்துக்கு அதிகபட்சம் 150 மீட்டர் அளவுக்குத்தான் அப்படி நகர்கிறது. மலை தாண்டி, மாவட்டம் தாண்டிப் போவதெல்லாம் நாம் ஏற்றி அனுப்பும் மண், நாற்று, விறகு, வைக்கோல் வழியாக. பாதித்த பகுதியிலிருந்து இவை வெளியே போவதைக் கொஞ்ச காலத்துக்குக் கட்டுப்படுத்தினாலே பாதி வேலை.

'அந்தக் குளவியை இங்கேயும் கொண்டுவந்து விட்டால் என்ன' என்று அடுத்துக் கேட்பீர்கள். அவசரப்படக் கூடாது. அதே குளவிப் பேரினத்தைச் சேர்ந்த ஒன்று நம் நாட்டு அரக்குப் பூச்சியைத் தாக்கி ஜார்க்கண்ட் பக்கத்து அரக்கு விவசாயிகளுக்குக் காலங்காலமாக நஷ்டம் உண்டாக்கி வருகிறது. அங்கே மருந்தாக இருப்பது இங்கே நோயாகிவிடும். முதலில் கரந்தமலையில் எறும்பு எந்த மரத்தில், எந்தச் சாறுண்ணிப் பூச்சியிடம் இனிப்பு வாங்கிக் குடிக்கிறது என்று யாராவது மரம் மரமாக ஏறிப் பார்க்க வேண்டும்.